பிளக் பாயிண்ட் தேடாத மாயாவி

இரும்புக்கை மாயாவியை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு முறையாவது யோசிக்காத முத்து காமிக்ஸ் வாசகர் அபூர்வம். நானும், சிவகாசியில் அச்சக டிசைனராக இருக்கும் ஓவிய நண்பர் ஒருவரும் அதை யோசனையோடு விடாமல் காகிதத்தில் இறக்கிப் பார்த்தோம். உரிமை எங்களுடையது இல்லை என்பதால் விற்கும் எண்ணம் கிடையாது. கதை கட்டும் கை பழக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். எழுதிய கருக்களில் பெரும்பாலானவை பாதியில் நின்றுபோயின. நின்றுபோனதை எல்லாம் ஒரு நோட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே அது ஏன் நின்றது என்று ஒரே வரியில் எழுதுவது எங்கள் வழக்கம். இப்போது அந்த நோட்டைப் புரட்டினால் வேறு வேறு கதைகளுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒரே காரணம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

மாயாவியின் பூர்வீகம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1962 அக்டோபரில் பிரிட்டனில் ‘வேலியண்ட்’ என்ற வார இதழ் தொடங்கியபோது அதில் வந்த தொடர் ‘தி ஸ்டீல் கிளா’. ஆரம்பத்தில் எழுதியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. நாயகன் லூயி கிராண்டெல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வகத்தில் உதவியாளர். ஒரு விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். பிறகு இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய, ஆளே மறைந்துவிடுகிறார். இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. அன்றிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் மறைவார், கொஞ்ச நேரத்தில் அதன் வேகம் தணிந்ததும் மறுபடி தெரிவார். தமிழில் 1972ல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இந்த ஆளை வைத்துத்தான். பிரிட்டனில் பிறந்த அவருக்குச் சொந்த ஊரை விடச் சிவகாசியில்தான் ஆயுள் கெட்டி என்று நாங்கள் விளையாட்டாகச் சொல்லிக்கொள்வோம். பிறகு அவர் சேரும் ரகசிய அமைப்பின் பெயரைச் சேர்த்து நிழற்படை உளவாளி என்று சொன்னால் இங்கே ஐம்பது வயதுக்காரர்கள் உடனே தலை நிமிர்த்துவார்கள்.

எங்கள் முதல் கரு எல்லோருக்கும் தோன்றக்கூடியதுதான். ‘இந்தக் காலத்தில் எதற்கு பிளக் பாயிண்ட் தேட வேண்டும்? இரும்புக் கைக்குள்ளேயே ஒரு லித்தியம் பேட்டரி வைத்துவிட்டால் போச்சு.’ சுண்டு விரலை மடக்கினால் மின்சாரம் பாயும், ஆள் மறைவார். நண்பர் கையின் உள்ளமைப்பை வெட்டுத் தோற்றமாக வரைந்து கொடுத்தார், பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அதை வைத்து ஒரு துரத்தல் காட்சி எழுத உட்கார்ந்தேன். எதிரிகள் கதவை உடைக்கிறார்கள், மாயாவி விரலை மடக்குகிறார், மறைகிறார், வெளியே போகிறார். அவ்வளவுதான். காட்சி முடிந்துவிட்டது. இழுத்துப் பார்த்தாலும் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

அதே சூழ்நிலை பழைய கதைகளில் எப்படி நடக்கும் என்று எடுத்துப் பார்த்தோம். பூட்டிய அறை. சுவரில் சாக்கெட் இல்லை. மேலே ஒரு பல்பு தொங்குகிறது, எட்டவில்லை. நாற்காலியை இழுக்கிறார், காலடிச் சத்தம் நெருங்குகிறது, பல்பை உடைத்து ஹோல்டருக்குள் இரும்பு விரலை விடுகிறார். மறைந்த பிறகும் நிம்மதி கிடையாது. கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறதே, அதை எங்கே ஒளிப்பது? எப்போது உடம்பு திரும்பத் தெரிய ஆரம்பிக்கும்? வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம் மட்டுமே கிடைத்த தொடர் அது. அந்தச் சின்ன இடத்தில் வாசகனை அடுத்த வாரம் வரை கட்டிப் போட்டது மறையும் சக்தி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கட்டிப் போட்டது அந்தச் சக்தியோடு ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு குறைகள்: கரண்ட் வேண்டும், கை மறையாது. பேட்டரியை வைத்ததும் முதல் குறை காலி. கூடவே கதையும் காலி.

நோட்டில் அந்தக் கருவுக்குக் கீழே எழுதியது: ‘ஹீரோவுக்கு வசதி செய்து கொடுத்துவிட்டோம்.’

இதே கண்ணோடு அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் கைவிடப்பட்ட கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே இது ஒரு தனி இலக்கியம் மாதிரி. சூப்பர்மேனை மட்டும் எடுத்தாலே ஒரு அலமாரி நிறையும். நான் அதிகம் யோசித்தது இரண்டைப் பற்றி. ஒன்று, 1940ல் ஜெர்ரி சீகல் எழுதிய கதை. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரே எழுதியது. கிரிப்டான் கிரகத்திலிருந்து வந்த ஓர் உலோகம் பக்கத்தில் வந்தால் சூப்பர்மேனின் பலம் போய்விடுகிறது, சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட இக்கட்டில், கூட வேலை பார்க்கும் நிருபர் லோயிஸிடம் தான் யார் என்று சொல்லிவிடுகிறார். பாத்திரம் பிறந்து இரண்டே வருஷத்தில் இவ்வளவு பெரிய திருப்பம்! அந்தக் கதை வெளிவரவே இல்லை. லோயிஸுக்கு ரகசியம் தெரிந்துவிட்டால் தொடரின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும் என்று பதிப்பகம் பயந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பலவீனப்படுத்தும் கல் மட்டும் சாகவில்லை. 1943ல் ரேடியோ நாடகத்தில் கிரிப்டோனைட் என்ற பெயரில் வந்து, 1949ல் காமிக்ஸுக்குள்ளும் நுழைந்தது.

எனக்கு இதில் சுவாரஸ்யமே இந்தப் பிரிவினைதான். ஒரே கதைக்குள் இரண்டு யோசனைகள். ஒன்று ஹீரோவுக்கு ஒரு குறையைக் கூட்டியது, அது பிழைத்தது. இன்னொன்று அவர் சுமந்த ரகசியத்தை இறக்கி வைத்தது, அதை அப்போது யாரும் தொடவில்லை. சூப்பர்மேனின் சாதாரண மனித வேடமான கிளார்க், லோயிஸிடம் உண்மையைச் சொல்ல 1990கள் வரை ஆனது, கல்யாணம் 1996ல்.

இரண்டாவது கதை அங்கிருந்து தொடங்குகிறது. 1990களின் கடைசியில் கிராண்ட் மாரிசன், மார்க் வெய்ட், மார்க் மில்லர், டாம் பேயர் நான்கு பேரும் சேர்ந்து சூப்பர்மேனைப் புதுப்பிக்க ஒரு திட்டம் கொடுத்தார்கள். அதில் ஒரு முக்கிய அம்சம், லோயிஸின் நினைவிலிருந்து ரகசியத்தை அழித்து, கிளார்க், லோயிஸ், சூப்பர்மேன் என்ற பழைய முக்கோணத்தைத் திரும்பக் கொண்டுவருவது. சீகல் அறுபது வருஷத்துக்கு முன்பு இறக்கி வைக்கப் பார்த்த சுமையை, இவர்கள் எடுத்து மறுபடி தோளில் ஏற்றப் பார்த்தார்கள். அதுவும் நிராகரிக்கப்பட்டது. 1988ல் சூப்பர்மேனை வெளியிடும் டி.சி. நிறுவனத்தின் பழைய கோப்புகளிலிருந்து சீகலின் அந்தக் கதையைக் கண்டெடுத்தவரும் இதே மார்க் வெய்ட்தான் என்பது கூடுதல் ருசி. நிராகரித்த திட்டத்தின் சாரம் மட்டும் வீணாகவில்லை. வெய்ட்டுக்கு 2003ல் ‘பர்த்ரைட்’, மாரிசனுக்கு 2005ல் தொடங்கிய ‘ஆல் ஸ்டார் சூப்பர்மேன்’ என்று வேறு வடிவங்களில் வெளிவந்தது.

சினிமா பக்கம் போனால் சிரிப்புதான். 1990களில் சூப்பர்மேன் படத்துக்குத் திரைக்கதை எழுதப் போன கெவின் ஸ்மித்திடம் தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸ் போட்ட நிபந்தனைகளை ஸ்மித்தே மேடையில் சொல்லிக் கேட்க வேண்டும்: அந்த உடுப்பு வேண்டாம், பறக்கக் கூடாது, கடைசிப் பகுதியில் ஒரு ராட்சதச் சிலந்தியோடு சண்டை வேண்டும். டிம் பர்ட்டன் இயக்க, நிக்கோலஸ் கேஜ் நடிக்க இருந்த அந்தப் படம் 1998ல் நின்றுபோனது. பீட்டர்ஸ் தயாரித்த வேறொரு படத்தில் 1999ல் ஒரு ராட்சத இயந்திரச் சிலந்தி வந்துவிட்டது. 2023ல் வந்த ‘தி ஃப்ளாஷ்’ படத்தில் நிக்கோலஸ் கேஜ் கணினி வரைகலையில் சூப்பர்மேனாக வந்து ராட்சதச் சிலந்தியோடு சண்டையே போட்டார். கைவிட்ட யோசனைகளுக்கு இவ்வளவு ஆயுசு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எங்கள் நோட்டையும் நான் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

சரி, மாயாவிக்கு வருவோம். பேட்டரி போன பிறகு ‘இருட்டான’ மாயாவி என்று ஒரு கரு. ஹீரோ கெட்டவனாக மாறுவது இப்போது ஃபேஷன் இல்லையா? மறையும் சக்தி தலைக்கேறி, கிராண்டெல் கொள்ளையடிக்கிறார், நகரத்தையே மிரட்டுகிறார். பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிய பிறகு நண்பர் 1962ன் முதல் கதையை எடுத்து நீட்டினார். அதில் கிராண்டெல் வில்லன்தான். மின்சாரம் பாய்ந்த பிறகு மனம் பேதலித்து, நியூயார்க்கையே தகர்க்கக் கிளம்புகிற ஆள். பிறகுதான் குணமாகி, பழி சுமந்து, மெல்ல நல்ல பக்கத்துக்கு வருகிறார். “அண்ணே, நாம புதுசுன்னு நினைச்சது அவங்க முதல் வாரமே செஞ்சுட்டாங்க” என்றார். இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகரான ஸ்பைடரின் கதையும் இப்படித்தான். குற்றச் சக்கரவர்த்தியாகத்தான் 1965ல் பிறந்தார். அடுத்த வருஷம் முதல் அவரை எழுதி, மற்ற வில்லன்களோடு மோத வைத்து நல்வழிக்குத் திருப்பியவர் வேறு யாருமில்லை, மேலே சொன்ன அதே ஜெர்ரி சீகல். சூப்பர்மேனின் தந்தை எழுதிய கதையைத்தான் லயன் காமிக்ஸில் நாம் படித்து வளர்ந்தோம் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத் தெரிந்த சந்தோஷம்.

ஒரு பாத்திரத்தை மறுபடி எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு இங்கே நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்தத் தொடரின் முதல் வருஷத்தை முழுசாகப் படித்துவிட்டு பேனாவை எடுங்கள். நமக்கு ஞாபகத்தில் இருப்பது, நாம் எந்த வயதில் எந்தப் புத்தகம் கையில் கிடைத்துப் படித்தோமோ அந்த மாயாவி. அவருக்கு முன்னும் பின்னும் ஏகப்பட்ட மாயாவிகள் உண்டு. 1960களின் பிற்பகுதியில் கொஞ்ச காலம் அவருக்கு அமெரிக்க பாணியில் சூப்பர் ஹீரோ உடுப்பு மாட்டிப் பார்த்து, பிறகு கழற்றியும் விட்டார்கள். அதாவது, மூலக் கதாசிரியர்களே ரீபூட் செய்து கைவிட்ட பாதைகள் அங்கே கிடக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் போனால் அதே முட்டுச்சந்தில் நாமும் போய் நிற்போம்.

அடுத்து வந்தது குழந்தைப் பருவக் கதை. கிராண்டெலின் அப்பா, அம்மா, போர்க்கால லண்டன், குண்டுவீச்சில் இடிந்த வீடு. எழுத எழுத எனக்கே பிடித்திருந்தது. கணக்குப் போட்டால், அவர் முதல் முறை மறைவதற்கு நாற்பது பக்கம் ஆகிறது! நண்பர் வரைய வேண்டிய பக்கங்கள் அவை. பேனா ஓட்டுகிறவனுக்கு நாற்பது பக்கம் ஒரு வாரம், வரைகிறவனுக்கு அது பல மாதம். இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை, கைவிட்டோம். அதற்குப் பிறகு நீளமான கதைச் சுருக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டு, எந்தக் கரு வந்தாலும் முதலில் இரண்டே பக்கத்துக்குக் கட்டை விரல் அளவுக் கிறுக்கல் பேனல்களாகப் போட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கு வந்தோம். சுருக்கத்தில் ஜம்மென்று இருக்கும் பல கருக்கள் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பேனலில் மூச்சுத் திணறிவிடும். அங்கே ஒரு கேள்வியோடு முடிக்க முடியவில்லை என்றால் அந்தக் கருவில் சத்து இல்லை.

மாயாவி, ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி மூவரையும் ஒரே கதையில் சேர்க்கும் கருவைப் பற்றி ஒரு பத்தி போதும். எல்லா வாசகரின் கனவும் அதுதான், எங்களுடையதும்தான். பழைய பிரிட்டிஷ் நாயகர்களை ஒன்றாகத் திரட்டும் வேலையை 2005ல் ‘ஆல்பியன்’ என்ற தொடர் செய்துவிட்டது. கதைத்திட்டம் பிரிட்டிஷ் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர், எழுதியது அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். எங்கள் கதை பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொருவரும் வருகிறார், கைதட்டல் வாங்குகிறார், போகிறார். யாருக்கும் எந்தக் குறையும் கதையில் வேலை செய்யவில்லை, ஒருவருடைய குறையை இன்னொருவர் சரிக்கட்டிவிடுகிறார். மாயாவிக்குக் கரண்ட் வேண்டுமா, ஆர்ச்சியிடம் கேட்டால் போச்சு.

உருப்படியான விஷயங்கள் எங்களுக்குக் கிடைத்தது காமிக்ஸ் தெரியாதவர்களிடமிருந்து. கதை சொல்லிப் பார்க்க நான் தேர்ந்தெடுத்தது என் அக்கா மகனை. ஐந்தாம் வகுப்பு. மாயாவி யார் என்றே தெரியாது, அதனால் பழைய பாசமும் கிடையாது. சக வாசகர்களிடம் சொன்னால் ‘ஆஹா’ என்பார்கள், அந்த ஆஹாவில் பாதி நம் கதைக்கு, மீதி அவர்கள் பால்யத்துக்கு. இவன் நேராகக் கேட்டான். “மாமா, கை மட்டும்தானே தெரியுது, அதை பேண்ட் பாக்கெட்டுல விட்டுக்கிட்டா?” நான் பதில் யோசிப்பதற்குள் அவனே, “பாக்கெட்டும் மறைஞ்சிடுமே, அப்ப கை தெரியும்ல” என்று முடித்தான். பழைய கதைகளில் உடம்போடு உடுப்பும் சேர்ந்து மறையும், ஏன் என்று யாரும் விளக்கியதில்லை. விளக்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் விளக்காத விதிக்குள்ளேயே எவ்வளவு கதை இருக்கிறது பாருங்கள். தன் பாக்கெட்டில் ஒளிக்க முடியாது, மறையாத வேறொன்றுக்குள்தான் ஒளிக்க முடியும். கூடை, ரொட்டிப் பை, அடுத்தவர் கோட்டு. அடுத்தவர் கோட்டுப் பாக்கெட்டுக்குள் இரும்புக் கையை விட்டபடி கூடவே நடந்து ஒரு சோதனைச் சாவடியைக் கடக்கும் காட்சி அன்று ராத்திரியே எழுதியது. எங்கள் நோட்டில் உயிரோடு இருக்கிற சில காட்சிகளில் அது ஒன்று.

இரண்டாவது ஆள், செயற்கைக் கை பொருத்திய ஒருவர். நண்பரின் அச்சகத்துக்கு வேலை கொடுக்க வருகிறவர். இரும்பில் கை என்றதும் சிரித்துவிட்டார். “அவ்வளவு வெயிட்டைத் தோள் தாங்காது தம்பி. பெல்ட் போட்டு இழுத்துக் கட்டணும். வெயில்ல வேர்த்துச்சுன்னா உள்ள பூரா எரியும்.” எதைத் தூக்குவது கஷ்டம் என்று நாங்கள் கேட்டோம், அவர் தூக்குவதைப் பற்றியே பேசவில்லை. சட்டைப் பொத்தானைப் பற்றிச் சொன்னார். புதிதாகப் பார்க்கிறவர்கள் கை கொடுக்க நீட்டி, பாதி வழியில் தயங்குவதைப் பற்றிச் சொன்னார். லண்டனில் அறிமுகமாகும் ஒவ்வொருவரும் வலது கையைத்தானே நீட்டுவார்கள்! கிராண்டெல் எத்தனை முறை அந்தத் தயக்கத்தைப் பார்த்திருப்பார்? கையில் துப்பாக்கி, விஷவாயு, ரேடியோ என்று பழைய கதைகள் பொருத்திய கருவிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கை குலுக்கும் ஒரு காட்சியை வைத்தோம். பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளை முகங்களை மனதில் வைத்துக்கொண்டு நண்பர் அதை வசனமே இல்லாமல் நான்கு பேனலில் வரைந்தார். கிராண்டெலின் மகள் அந்தக் கையை வாரிசாக எடுத்துக்கொள்கிறாள் என்று ஒரு கரு வைத்திருந்தோம். இந்தப் பேச்சுக்குப் பிறகு அதைத் தொடவே மனம் வரவில்லை. யாரும் ஆசைப்பட்டு மாட்டிக்கொள்கிற கிரீடமில்லை அது.

மூன்றாவது ஆள் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன். இவரிடம் கேட்டிருக்காவிட்டால் மொத்த ரீபூட்டும் தலைகீழாகவே இருந்திருக்கும். இக்காலத்தில் மாயாவிக்கு மின்சாரம் கிடைப்பது சுலபம், எங்கு பார்த்தாலும் சாக்கெட்தானே என்பது எங்கள் நினைப்பு. அவர் உதட்டைப் பிதுக்கினார். இப்போது கட்டும் வீடுகளில் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் போடுகிறார்கள். மனித உடம்பு வழியாகத் தரைக்குக் கொஞ்சம் மின்சாரம் கசிந்தாலும், பொதுவாக 30 மில்லி ஆம்பியர், நொடியில் ஒரு சின்னப் பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். “உங்க ஆளு விரலை வெச்சதும் டப்புன்னு ட்ரிப் ஆயிடும் சார். மறையுறது எங்க, வீடே இருட்டாயிடும்.” அதோடு பிரிட்டனின் மூன்று செவ்வக முனை சாக்கெட்டுகளில் உள்ளே மூடி இருக்கும், நீளமான எர்த் முனை போனால்தான் மற்ற இரண்டு துளைகளும் திறக்கும். இரும்பு விரல் நுழையாது. 1962ல் பழைய உருண்டை முனை சாக்கெட்டுகள் அங்கே நிறைய வீடுகளில் மிச்சம் இருந்தன, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த உருண்டைத் துளைகள்தான் இன்றும் நம் வீட்டுச் சுவரில் இருக்கின்றன.

ஆக, அறுபது வருஷத்தில் உலகம் மாயாவிக்கு வசதியாக மாறவில்லை, தொல்லையாக மாறியிருக்கிறது. பாதுகாப்பான வீடுகள் நிறைந்த ஊரில் அவர் ஓர் அநாதை. பழைய கட்டடம், திருட்டு இணைப்பு, பராமரிப்பில்லாத தொழிற்சாலை, ரயில் பாதை, இப்படி ஆபத்தான இடங்களுக்குப் போனால்தான் அவர் மாயாவி. பேட்டரிக் கருவில் நாங்கள் செய்ததற்கு நேர் எதிரானது இது. காலத்தைப் புதுப்பிப்பது என்றால் ஹீரோவுக்குப் புதுக் கருவி வாங்கிக் கொடுப்பது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். புதிய காலம் அவரிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டது என்று பட்டியல் போட்டால் கதை தானாகக் கிளம்பும். கண்காணிப்புக் கேமரா, எல்லார் கையிலும் செல்போன், அந்தரத்தில் மிதக்கும் கையை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது. இதை முதலில் நாங்கள் நகைச்சுவையாக எழுதிக் கைவிட்டோம், பிறகு அதையே மாயாவியின் பயமாக மாற்றி எழுதியபோது வேலை செய்தது.

இந்த இடத்தில்தான் மின்வெட்டுக் கரு வந்தது. மாயாவி ஒரு வேலையாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறார், வருஷம் 2012. அந்த வருஷத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். சென்னையைத் தாண்டினால் பல நாள் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. உலகப் புகழ் பெற்ற உளவாளி கையை சாக்கெட்டில் விட்டுக்கொண்டு ‘எப்ப வரும்?’ என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார். சொல்லும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு பக்கக் கிறுக்கலில் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு நகைச்சுவை, அதோடு சரி. அதற்கு மேல் கிராண்டெலுக்கு இங்கே என்ன வேலை? அவர் அந்நியர், கரண்ட் இல்லாவிட்டால் விமானம் ஏறிப் போய்விடலாம். அந்த இருட்டு எங்களுடையது, அவருடையது இல்லை.

இப்படி ஒரு கட்டத்தில் ஆலன் மூருக்கு நடந்ததை நினைத்துக்கொண்டேன். 1980களில் டி.சி. நிறுவனம் சார்ல்டன் என்ற பழைய பதிப்பகத்தின் ஹீரோக்களை வாங்கி வைத்திருந்தது. அவர்களை வைத்து மூர் ஒரு கொலை மர்மக் கதைத்திட்டம் கொடுத்தார். ஆசிரியர் டிக் ஜியார்டானோவுக்குக் கதை பிடித்துவிட்டது, ஆனால் அது நடந்து முடிந்தால் அந்த ஹீரோக்களில் பாதிப் பேர் செத்திருப்பார்கள், மீதிப் பேர் உருப்படாமல் போயிருப்பார்கள். நீயே புதுப் பாத்திரங்களை உருவாக்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். கொஸ்டின் என்பவர் ரோர்ஷாக் ஆனார், கேப்டன் ஆட்டம் டாக்டர் மன்ஹாட்டன் ஆனார், 1986ல் ‘வாட்ச்மென்’ வந்தது. ரீபூட்டாக மட்டும் அது வந்திருந்தால் இன்று யாரும் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

எழுத வருகிறவர்களுக்கு இதில் நடைமுறை உண்மை ஒன்றும் இருக்கிறது. மாயாவி போன்ற பழைய பாத்திரங்கள் அடங்கிய கருவூலத்தை 2018ல் பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனம் வாங்கியது, ஸ்டீல் கிளாவின் ஆரம்பக் கதைகளை 2021ல் அழகான தொகுப்பாகவும் போட்டது. அங்கே போய் ‘உங்கள் மாயாவியை நான் புதுப்பித்துத் தருகிறேன்’ என்று முகம் தெரியாத ஒருவர் சொன்னால் கதவு திறக்காது. அதே நிறுவனம் நடத்தும் ‘2000 ஏ.டி.’ இதழில் புதியவர்கள் நுழையும் வழக்கமான வாசல் ‘ஃப்யூச்சர் ஷாக்ஸ்’ என்ற நான்கைந்து பக்கத் தனிக்கதைகள். ஆலன் மூரே அந்த வாசல் வழியாக நிறைய எழுதியவர்தான். சொந்தப் பாத்திரம், சின்னக் கதை, கடைசியில் ஒரு திருப்பம். உலகத்தையே காப்பாற்றும் முந்நூறு பக்கத் திட்டத்தை விட அதை எழுதுவதுதான் கஷ்டம், அதைத்தான் படித்தும் பார்ப்பார்கள்.

அதனால் மின்வெட்டுக் கருவிலிருந்து மாயாவியை வெளியே எடுத்தோம். இரும்புக் கையும் போனது, லண்டனும் போனது. இப்போது இருப்பவர் ஒரு லைன்மேன். மின்கம்பத்தில் ஷாக் அடித்த நாளிலிருந்து, தெருவில் கரண்ட் இருக்கும் வரை அவர் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. கரண்ட் போனால் மட்டும் தெரிகிறார். 2012ல் அவர் மனைவிக்கும் பிள்ளைக்கும் அவர் பாதி நாள் கிடைத்தார். ஊரெல்லாம் மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருக்க, அந்த ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் போனதும் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைப்பார்கள். வருஷம் போகப் போக மின்வெட்டு குறைந்துகொண்டே வருகிறது. நான்கு பக்கம், அதற்குள் முடித்தாக வேண்டும்.

முதல் இரண்டு பக்கம் வரைந்தாகிவிட்டது. மூன்றாவது பக்கம் நிற்கக் காரணம், விதியில் ஒரு தகராறு. லோ வோல்டேஜ் நேரத்தில் அவர் பாதி தெரிவாரா, இல்லையா? டியூப் லைட் விட்டு விட்டு எரிகிற மாதிரி அவரும் விட்டு விட்டுத் தெரிய வேண்டும், வரைய அருமையாக இருக்கும் என்பது நண்பர் கட்சி. அப்படிச் செய்தால் அந்தக் குடும்பம் தினமும் சாயங்காலம் ஸ்டெபிலைசரைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப் பார்த்துவிடும், பிறகு மின்வெட்டு எதற்கு என்பது என் கட்சி. அக்கா மகனிடம் கேட்டோம். வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று அவன் திருப்பிக் கேட்டான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் ‘தெருவில் கரண்ட் இருக்கும் வரை’ என்று விதியை எழுதியிருக்கிறோம், ஆனால் பக்கத்துத் தெருவுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.